குச்சிக் கிழங்குக் காட்டில் விழுந்த பந்து

எனக்கு எழுதிய தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். ஏழு வருடத்துக்கு முன்னால் ஆத்தூர் பக்கம் ஒரு லீக் மேட்ச். நம் மாவட்டத்துப் பையன் ஒருத்தர் தன் முதல் செஞ்சுரியை சிக்ஸர் அடித்து முடித்தார். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி, வேலியையும் தாண்டி, குச்சிக் கிழங்கு (மரவள்ளி) போட்டிருந்த காட்டுக்குள் போய்விட்டது. பத்து நிமிஷம் தேடினார்கள், கிடைக்கவில்லை. அம்பயர்கள் வேறு பந்து கொடுத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். மறுநாள் காலையில் காட்டுக்குத் தண்ணி கட்டப் போன தம்பியின் காலில் அந்தப் பந்து தட்டுப்பட்டது. தம்பி அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். இன்று அந்த ஆட்டக்காரர் வெளியூரிலும் பெயர் தெரிந்த ஆளாகிவிட்டார். சென்னையில் பழைய விளையாட்டுப் பொருள்கள் சேர்க்கிற ஒருவர் பந்துக்கு 75,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். இன்னொரு பக்கம், ஆட்டக்காரரின் நண்பர் ஒருவர் போன் செய்து, "அது அவருடைய பந்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடு" என்கிறார். வீட்டில் அப்பாவின் வைத்தியத்துக்கு வாங்கிய கடன் வேறு இருக்கிறது. என்ன செய்வது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரிடமும் விலை பேசி முடிக்காமல், பந்தை எடுத்துக்கொண்டு போய் அந்த ஆட்டக்காரரிடமே நேரில் காட்டுங்கள். வேண்டும் என்று அவர் கேட்டால் கொடுத்துவிடுங்கள். நீயே வைத்துக்கொள் என்று சொன்னால், அதற்கப்புறம் விற்பதில் உங்களுக்கு எந்த மன உறுத்தலும் வேண்டாம். போன் செய்த நண்பர் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சேலம் மாவட்ட லீக்கில் இருபத்தெட்டு வருடம் ஸ்கோர் எழுதியவன் நான். இந்த விஷயத்தில் நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த நண்பர் சொன்ன "அவருடைய பந்து" என்ற பேச்சைப் பார்ப்போம். அது சரியில்லை. லீக் மேட்ச் பந்தைக் காசு கொடுத்து வாங்குவது டீம்கள்தான். அடித்தவருக்கும் அது சொந்தமில்லை, போட்டவருக்கும் சொந்தமில்லை. அதற்காக உங்களுக்குச் சொந்தம் என்றும் ஆகிவிடாது. கண்டெடுத்த பொருளைப் பற்றி நம் நாட்டில் பழைய சட்டமே இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 71-இன்படி, அடுத்தவர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்பவர், ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பாதுகாப்பவர் எந்த நிலையில் இருக்கிறாரோ அந்த நிலையில்தான் இருக்கிறார். பிரிவு 168 அவருக்கும் ஒரு நியாயம் செய்கிறது. பொருளைக் காப்பாற்றவும் உரியவரைத் தேடவும் பட்ட சிரமத்துக்கும் செலவுக்கும் ஈடு கிடைக்கும்வரை அதைத் தன்னிடம் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். உரியவர் இன்ன தொகை பரிசு என்று அறிவித்திருந்தால் அதைக் கேட்டு வழக்கும் போடலாம். ஆனால் இந்தச் சட்டப்படி பார்த்தாலும் உரிமை சொல்லி வர வேண்டியது பந்து வாங்கிய டீம்தான், ஆட்டக்காரர் இல்லை. ஆகவே "திருப்பிக் கொடு" என்ற வார்த்தையே இங்கே பொருந்தாது. அவரிடம் ஒருநாளும் இல்லாத பொருளை எப்படித் திருப்பிக் கொடுப்பது? சேர வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று வேண்டுமானால் சொல்லலாம். எனக்கு அதுதான் சரியான வார்த்தையாகப் படுகிறது.

இந்தக் கேள்வி பெரிதாக வெடித்த இடம் அமெரிக்கா. அங்கே பேஸ்பால் ஆட்டத்தில் கூட்டத்துக்குள் விழுந்த பந்தை எடுத்தவர் வைத்துக்கொள்ளலாம் என்பது நூறு வருட வழக்கம். 1921-இல் நியூயார்க்கில் ஒரு ரசிகர் பந்தைத் தர மறுத்ததற்காக வெளியே தள்ளப்பட்டு, வழக்குப் போட்டு, 100 டாலர் வாங்கினார். நம் கிரிக்கெட்டில் அப்படியில்லை. ஒரே பந்து தேயத் தேயத்தான் ஆட்டமே மாறுகிறது. டெஸ்ட் மேட்சில் 80 ஓவர் வரை அதே பந்து. சிக்ஸர் போனால் கூட்டம் பிடித்துத் திருப்பி எறிந்துவிடும். தொலைந்து போனால்தான், அதே அளவு தேய்ந்த வேறொன்றை அம்பயர்கள் எடுத்துத் தருவார்கள். அதனால்தான் நம் ஊரில் ரசிகர் கையில் பந்து தங்குவதே அபூர்வம், தங்கினால் என்ன செய்வது என்ற பழக்கமும் நமக்கு உருவாகவில்லை.

அமெரிக்கக் கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1961-இல் நடந்தது. அக்டோபர் 1-ஆம் தேதி, யாங்கி ஸ்டேடியம். ரோஜர் மாரிஸ் அந்த சீசனின் 61-ஆவது ஹோம் ரன்னை (நம் சிக்ஸர் மாதிரி) அடிக்கிறார். பேப் ரூத் 1927-இல் அடித்த 60 என்ற கணக்கை அன்றுதான் ஒருவர் தாண்டுகிறார். பந்தைப் பிடித்தவர் 19 வயது லாரி டிரைவர். அதற்கு 5,000 டாலர் தருவதாக ஓர் உணவகக்காரர் முன்பே அறிவித்திருந்தார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அந்தப் பையன் நேராக மாரிஸிடம் போய், இது உங்களுக்கு என்று நீட்டுகிறான். மாரிஸ் வாங்கவில்லை. நீயே வைத்துக்கொள், விற்றுக் காசாக்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். பையன் உணவகக்காரரிடம் கொடுத்து 5,000 டாலரை வாங்கிக்கொண்டான். காசு கொடுத்து வாங்கிய அந்த உணவகக்காரர் அப்புறம் பந்தை மாரிஸிடமே சேர்த்துவிட்டார். மூன்று பேருக்கும் நஷ்டமில்லை. பையன் முதலில் நீட்டியதுதான் மற்ற இரண்டையும் நடக்க வைத்தது என்று நான் நினைக்கிறேன். அவன் நேராக விற்கப் போயிருந்தாலும் அதே 5,000 டாலர் கிடைத்திருக்கும். ஆனால் மாரிஸ் தன் வாயால் "வைத்துக்கொள்" என்று சொன்னது கிடைத்திருக்காது.

இதற்கு நேர் எதிரான கதை 2001-இல். பாரி பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த 73-ஆவது ஹோம் ரன். ஒருவர் பந்தைக் கையுறையில் பிடிக்கிறார், அதற்குள் கூட்டம் அவரைக் கீழே தள்ளிவிடுகிறது, பந்து உருண்டு இன்னொருவரிடம் போகிறது. இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். மட்டையில் பட்டுக் கூட்டத்தை நோக்கிப் பறந்த நொடியில் பந்து கைவிடப்பட்ட பொருளாகிவிட்டது, இருவருக்கும் சம உரிமை, விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று 2002 டிசம்பரில் தீர்ப்பு. பத்து லட்சம் டாலருக்கு மேல் போகும் என்று எதிர்பார்த்த பந்து, 2003 ஜூனில் 4,50,000 டாலருக்குத்தான் போனது. ஒருவருடைய பங்கைவிட அவர் வக்கீலுக்குத் தர வேண்டிய கட்டணம் அதிகமாக நின்றது. கைவிடப்பட்ட பொருள் என்ற அந்த வாதம் பேஸ்பாலுக்குப் பொருந்தும். உங்கள் பந்தை யாரும் கைவிடவில்லை, பத்து நிமிஷம் குனிந்து தேடியிருக்கிறார்கள்.

2011-இல் டெரக் ஜீட்டர் என்ற பேஸ்பால் வீரரின் 3,000-ஆவது ஹிட் பந்தைப் பிடித்த இளைஞர், படிப்புக் கடன் தலைக்கு மேல் இருந்தும், எதுவும் கேட்காமல் ஜீட்டரிடம் கொடுத்தார். அணி அவருக்கு அந்த சீசனில் மீதியிருந்த ஆட்டங்களுக்கு டிக்கெட்டும், கையெழுத்துப் போட்ட மட்டைகளும் சட்டைகளும் கொடுத்தது. அந்தப் பரிசுகளுக்கு வருமான வரி கட்ட வேண்டிவரும் என்று பேச்சு கிளம்பியதும், ஒரு பீர் கம்பெனி வரியைத் தான் கட்டுவதாக முன்வந்தது. கடனை அடைக்க உதவி செய்யவும் ஆட்கள் வந்தார்கள். நல்ல மனசுக்கு நல்லது நடந்தது. ஆனால் எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. 2024 ஏப்ரலில் ஜப்பான் வீரர் ஓதானி தன் புது அணிக்கு அடித்த முதல் ஹோம் ரன் பந்து ஒரு பெண்ணிடம் கிடைத்தது. இரண்டு தொப்பி, கையெழுத்துப் போட்ட ஒரு மட்டை, ஒரு பந்து, இவ்வளவுக்கு அதைக் கொடுக்கும்படி அணியின் ஆட்கள் அங்கேயே நெருக்கினார்கள் என்று அவர் பின்னால் சொன்னார். ஒரு லட்சம் டாலர் பெறும் என்று கணிக்கப்பட்ட பந்து அது. அதே வருடம் செப்டம்பரில் ஓதானி அடித்த 50-ஆவது ஹோம் ரன் பந்து ஏலத்தில் 43 லட்சத்து 92 ஆயிரம் டாலருக்குப் போனது. விஷயம் தெரியாத ரசிகரைத் தனியே கூட்டிப்போய், நாலு பேர் சூழ்ந்து நின்று, இதைக் கொடு என்பது எந்த ஊரிலும் நியாயமில்லை. போனில் உங்களை மிரட்டியதும் அந்த வகைதான்.

சரி, சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, கேட்ட விதமும் சரியில்லை, அப்புறம் எதற்காகக் கொடுக்கச் சொல்கிறேன்? நம் ஊர் கணக்கிலேயே சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கியவர்களுக்குத் தெரியும். வெள்ளியின் எடைக்கு ஒரு விலை, செய்கூலி தனி. சலங்கை வைத்து, பூ வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பற்றவைக்கப் பொடி வைத்து ஊதியவரின் கூலி அது. உங்கள் கையில் இருக்கும் பந்தில் தோல், நூல், உள்ளே இருக்கிற தக்கை எல்லாம் சேர்த்து, தேய்ந்த பந்துக்கு நூறு ரூபாய் தருவார்களா? மீதி 74,900 ரூபாயும் செய்கூலி. அதைச் செய்தவர் ஆட்டக்காரர். விடிகாலை நெட் பிராக்டிஸ், டவுன் பஸ்ஸில் கிட் பையைத் தூக்கி வைத்ததற்காகக் கண்டக்டரிடம் வாங்கிய திட்டு, வேலைக்குப் போகவில்லையா என்று சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வி, எல்லாம் அந்தக் கூலியில் அடக்கம். (பந்து போட்ட பவுலருக்கும் அதில் பங்கு உண்டு. அவரை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.) உங்களுக்கும் ஒரு கூலி உண்டு. ஏழு வருடம் தூக்கி எறியாமல், டென்னிஸ் பால் கிடைக்காத நாளில்கூட எடுத்து ஆடித் தீர்த்துவிடாமல் வைத்திருந்தீர்களே, அது. அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கமே வேண்டாம். ஆனால் முழுச் செய்கூலியும் எனக்கே என்று சொல்ல முடியாது.

அவர்தான் இப்போது சம்பாதிக்கிறாரே, வாங்கி அவரே ஏலத்தில் விட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். விடட்டும். ஷேன் வார்ன், ஆஸ்திரேலிய டெஸ்ட் வீரர்கள் அணிகிற தன் பச்சைத் தொப்பியை 2020 ஜனவரியில் ஏலம் விட்டார். 10,07,500 ஆஸ்திரேலிய டாலர் வந்தது, காட்டுத்தீயில் பாதிக்கப்பட்டவர்களுக்கு முழுவதையும் கொடுத்தார். 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தோனி பிடித்த மட்டை லண்டனில் ஒரு லட்சம் பவுண்டுக்குப் போனது, அதுவும் அறக்கட்டளைக்குத்தான். அந்த முடிவை எடுக்கும் உரிமை அவர்கள் கையில் இருந்தது, அதுதான் முக்கியம். நம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்கள். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் காபா மைதானத்தில் தன் முதல் டெஸ்ட் ஆடினார், முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். அந்த டெஸ்ட்டில் போட்டிருந்த சட்டையில் கையெழுத்துப் போட்டு, தனக்குத் 'தார்' ஜீப்பைப் பரிசளித்த தொழிலதிபர் ஆனந்த் மகிந்திராவுக்கு அனுப்பிவைத்தார். தன் வாழ்க்கையில் அவ்வளவு முக்கியமான சட்டையை யாருக்குக் கொடுப்பது என்று அவரே தீர்மானித்தார். அந்தச் சட்டை வேறு யார் பெட்டியிலோ கிடந்திருந்தால் அந்த நன்றியை அவர் எதைக் கொண்டு சொல்லியிருப்பார்?

பணம் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் பெரிதில்லை என்றும் நினைக்காதீர்கள். 2024 ஜனவரியில் டேவிட் வார்னர் சிட்னியில் கடைசி டெஸ்ட் ஆடப் போகும்போது பச்சைத் தொப்பி இருந்த பை காணாமல் போனது. எடுத்தவர் யாராக இருந்தாலும் பை வேண்டுமென்றால் வேறு பை தருகிறேன், பிரச்சினை எதுவும் வராது, தொப்பியை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று வீடியோவில் கெஞ்சினார். சில நாளில் கிடைத்துவிட்டது. கோடிகளில் சம்பாதித்த மனிதர் ஒரு துணித் தொப்பிக்காக அப்படிப் பேசியதைப் பார்த்தபோது எனக்கு என் பழைய விஷயம்தான் ஞாபகம் வந்தது.

1996-இல் காந்தி ஸ்டேடியத்தில் ஒரு மேட்ச். ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து ஆடுகிற ஒரு ஆஃப் ஸ்பின்னர் அன்று ஒரே இன்னிங்ஸில் ஒன்பது விக்கெட் எடுத்தார். ஆட்டம் முடிந்ததும் அம்பயர் பந்தை அவரிடம் கொடுத்தார். ஸ்கோர் புக்கில் தன் பெயருக்கு நேரே எழுதியிருந்ததைப் பார்க்க என் மேசைக்கு வந்தவர், பந்தை அங்கேயே வைத்துவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று ஓடிவிட்டார். அடுத்த வாரம் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்தேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கப்புறம் ஆடவே வரவில்லை. என் வீட்டு அலமாரியில் பந்து இருந்தது. வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன், கதை சொல்வேன். உண்மையைச் சொன்னால், பத்து வருடம் கழித்து அது என்னுடையது என்றே மனசில் பதிந்துவிட்டது.

2013-இல் ஒரு கல்யாணத்தில் அவர் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்து விசாரித்ததில், மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறார் என்று தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தை எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். காப்பிக்கொட்டை காயப் போட்டிருந்த களத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. பையிலிருந்து பந்தை எடுத்து நீட்டினேன். எதுவும் கேட்கவில்லை. வாங்கியதும் அவருடைய விரல்கள் தானாகவே தையலைத் தேடிப் போயின. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அகன்று தையலுக்குக் குறுக்கே உட்கார்ந்தன, மணிக்கட்டு ஒருமுறை திரும்பியது. பதினேழு வருடம் பந்தே தொடாத கை. ஒரு பக்கம் பளபளப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது, அதைச் சட்டையில் தேய்த்தார். பின்னால் நின்ற பெண் பிள்ளை, "என்னப்பா அது?" என்று கேட்டது. அப்பா கிரிக்கெட் ஆடியதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

அப்புறம் அவர் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார். "எங்கப்பா பார்த்திருப்பாருங்க. போன வருஷம்தான் தவறிட்டாரு." அவருக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர் அந்த அப்பா. மகன் ஒன்பது விக்கெட் எடுத்தான் என்றால் நம்பாமல், பந்து எங்கே என்று கேட்டிருக்கிறார். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது ஒரு பொட்டலம் மிளகு கொடுத்து அனுப்பினார். நான் மலை இறங்கி வரும்போது அழுதேன். பந்தை நான் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் ஒரு வருடம் முன்னால் போயிருந்தால் அந்தப் பெரியவர் கையில் அது போயிருக்கும். என் அலமாரியில் அது இருந்த பதினேழு வருடத்துக்கு அவர் வீட்டில் வேறு அர்த்தம் இருந்திருக்கும்.

இப்போது உங்கள் கடன் விஷயம். 75,000 சின்னத் தொகை இல்லை, அதைச் சாதாரணமாக விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்பாவின் வைத்தியம் பணம் இல்லாமல் நிற்கும் நிலை என்றால், அதை ஆட்டக்காரரிடம் அப்படியே சொல்லுங்கள். இன்னொருவர் இன்ன விலை கேட்கிறார், எனக்கு இந்தக் கஷ்டம், உங்களுக்கு வேண்டுமென்றால் முதலில் உங்களுக்குத்தான் என்று சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால் விற்றுவிடுங்கள், அவருக்குத் தெரிந்து விற்றதாக இருக்கும். மாதா மாதம் தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிற பழைய கடன்தான் என்றால், அவர் கேட்டால் கொடுத்துவிடுவதுதான் என் யோசனை. அவராகப் பார்த்து ஏதாவது கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சந்தைக் கணக்கிலும் ஒன்று கவனியுங்கள். அமெரிக்காவில் பெரிய சாதனை நெருங்கும்போது ரகசியக் குறியிட்ட பந்துகளைத்தான் இறக்குகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அதிகாரி சரிபார்த்து ஹோலோகிராம் ஒட்டுவார். உங்கள் பந்தில் அப்படி எதுவும் கிடையாது. இதுதான் அந்தப் பந்து என்பதற்கு உங்கள் வாய்ச்சொல்தான் சாட்சி. சென்னைக்காரர் இன்று 75,000 என்பார். நாளை, ஆட்டக்காரரிடம் ஒரு கையெழுத்தும் கடிதமும் வாங்கி வா, அப்போதுதான் அந்த விலை என்பார். எப்படியும் நீங்கள் அவர் வாசலுக்குப் போயாக வேண்டும். விற்பதற்காகக் கையெழுத்துக் கேட்டுப் போவதைவிட, கொடுப்பதற்காகப் போவது உங்களுக்கும் கௌரவம். விலையும் நிலையானதில்லை. பேஸ்பால் வீரர் மார்க் மக்வயரின் 70-ஆவது ஹோம் ரன் பந்தை 1999-இல் முப்பது லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். 2010-இல் ஊக்கமருந்து எடுத்ததை அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பந்துக்கு இன்று யாரும் அந்த விலை தர மாட்டார்கள்.

ஒரு விதிவிலக்கும் சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரர் தன் கையாலேயே கொடுத்த பொருள் வேறு. 1986-இல் கால்பந்து வீரர் மரடோனா ஆட்டம் முடிந்து இங்கிலாந்து வீரருடன் மாற்றிக்கொண்ட சட்டை, 2022-இல் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதில் யாரும் யாரையும் குறை சொல்ல இடமில்லை.

ஆகவே தம்பி, போகும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். அந்த மேட்ச் நடந்த தேதியைக் கண்டுபிடித்து எனக்குச் சொல்லுங்கள். ஸ்கோர் எழுதியவரைப் பிடித்து, சிக்ஸர் அடித்த ஓவரும் பந்து மாற்றிய குறிப்பும் உள்ள பக்கத்துக்கு நகல் எடுத்துத் தருகிறேன். பந்தோடு அதையும் சேர்த்துக் கொடுங்கள், வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அது இல்லாமல் பந்து பாதிதான். அப்புறம், நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தேன், பந்தை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறீர்கள். உடனே வெளியே எடுங்கள். தோல் வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, காற்றாட வையுங்கள். செம்மண் கறை ஒட்டியிருக்கிறதே, அதைத் துடைத்துவிடாதீர்கள். அந்தக் காட்டு மண் அவருக்கு அடையாளம் தெரியும்.